அந்த ஊசியிலேயே மாத்திரை கிடையாதா?

“வார்டில் ஜெந்தாமைசின் ஊசி போட்டார்கள் தம்பி, நல்ல மருந்து. அதிலேயே மாத்திரை கொடுங்கள், வீட்டில் இருக்கட்டும்” என்றார் பெரியவர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்தகம் வைத்திருக்கும் எனக்கு இது பழகிய கேள்விதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம் விடாது. ஆனால் சட்டத்தைக் காட்டி அனுப்பினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், உப்பு, மஞ்சள் தூள், மேலே செம்பனை எண்ணெய். குலுக்கி வைத்தேன். மஞ்சளின் நிறம் எண்ணெயில் ஏறியது. உப்பு தண்ணீரைவிட்டு நகரவில்லை. ஜெந்தாமைசின் உப்பின் கட்சி. குடல் சுவரின் செல்களைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம்; விழுங்கினால் அதைத் தாண்டாமல் மலத்தோடு போய்விடும். ஊசியில் ஏறினாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால்தான் வார்டில் சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஊசி என்றால் வீரியம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் தண்ணீரிலும் கரையும், கொழுப்பையும் கடக்கும். தோட்டத்தில் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் கடுமையாகாதபோது மருத்துவர் அதை மாத்திரையாகவே எழுதுகிறார். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மட்டும் பெரும்பகுதி வீண்.

பென்சிலினோ கட்சி மாறும். பெரியவர் பால்மரக் காலத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் உறைவதை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரப்பர் துகள்களின் எதிர்மின் சுமையை அமிலம் போக்குகிறது. பென்சிலினுக்கும் அதேதான். அமில நீரில் சுமையை இழந்ததும் ஈதர் போன்ற, தண்ணீரோடு கலக்காத கரைப்பானுக்குத் தாவுகிறது. லேசான காரம் கலந்த நீரைக் காட்டினால் திரும்பி வருகிறது, அழுக்கில் பெரும்பகுதியைப் பின்னால் விட்டுவிட்டு. 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியலாளர் நார்மன் ஹீட்லி பூஞ்சைச் சாற்றிலிருந்து பென்சிலினைப் பிரித்தது இந்தப் போக்குவரத்தால்தான். அமிலத்தில் அது சிதையும் என்பதால், குளிர்வித்து விரைந்து முடிக்க வேண்டியிருந்தது. பென்சிலின் வகைகளில் ஒன்றான பென்சைல் பென்சிலினை விழுங்கினால் இரைப்பை அமிலமே அதைச் சிதைக்கும். அதற்கு ஊசி வந்த காரணம் வேறு.

“அப்படியானால் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகள்?” என்றார். கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் பேரனிடம் கொடுத்தனுப்பினார்: ஒரே பையில் மூன்று வகை, ஒன்றில் பெயரே கிழிந்திருந்தது.