தடய அறிவியல் அறிக்கையை மறுக்க மேல்முறையீடு வரை காத்திருக்காதீர்கள்

ஆய்வகத்திலிருந்து நீதிமன்றத்துக்கு வருவது பெரும்பாலும் முடிவை மட்டும் சொல்லும் சில பக்கச் சுருக்கம்தான். அந்த முடிவுக்கு ஆதாரமான ஆய்வுக் குறிப்புகளும் டி.என்.ஏ. வரைபடங்களும் ஆய்வகத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆனாலும் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி (பழைய சட்டத்தில் 293), அரசு அறிவியல் நிபுணர் கூண்டேறாமலேயே அந்தச் சுருக்கத்தைச் சாட்சியமாக ஏற்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது அடுத்த பிரிவில். ஆவணங்கள் வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள் அவற்றின் உண்மைத்தன்மையை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று சொல்ல வேண்டும். எவரும் மறுக்காத அறிக்கைக்காக நிபுணரை அழைக்கக் கூடாது என்கிறது 330. குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது ஆய்வக அறிக்கை பல வழக்குகளில் வந்தே இருக்காது. அப்படியிருந்தும், நகல்கள் அனைத்தும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஆவணக் கட்டைப் பிரித்துப் பார்த்து, இல்லாததை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அறிக்கை பின்னர் கிடைத்தால், கிடைத்த தேதியைக் குறித்து, எழுத்து மூலமாக மறுப்புத் தெரிவியுங்கள். கெடு தவறியிருந்தால், காரணத்தைப் பதிவுசெய்து அதைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆய்வுக் குறிப்புகளைக் கேட்டால், காவல் நிலையம் நீதிமன்றத்தைக் கைகாட்டும், நகல் பிரிவு ஆய்வகத்தைக் கைகாட்டும், ஆய்வகமோ நீதிமன்ற உத்தரவு கேட்கும். இந்த அலைச்சல் வீண். நிபுணரை அந்தக் குறிப்புகளோடு வரவழைக்க வேண்டுமென விசாரணை நீதிமன்றத்திலேயே மனுப் போடுங்கள்.

மேல்முறையீட்டில் 432ஆம் பிரிவின்படி (பழைய 391) கூடுதல் சாட்சியம் கோரலாம். அது உரிமையன்று, நீதிமன்றம் அவசியமெனக் கருதினால் மட்டுமே கிடைக்கும். அறிக்கை தவறு என்று பொதுவாக எழுதும் மனு நிற்காது. மாதிரி எத்தனை நாள் காவல் நிலையத்தில் கிடந்தது, முத்திரை ஒத்துப்போகிறதா, முன்பே ஏன் கேட்கவில்லை என்று திட்டவட்டமாகச் சொல்லுங்கள். இளம்பெண் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கில் மரண தண்டனை பெற்ற மூவரை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, டி.என்.ஏ. முடிவின் அடிப்படையைக் கீழ் நீதிமன்றங்கள் இரண்டுமே ஆராயவில்லை என்று சுட்டிக்காட்டியது. அதுவரை அவர்கள் சிறையில் இருந்தார்கள்.

மரண தண்டனை அல்லாத தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டுக்குக் கெடு உயர் நீதிமன்றத்தில் 60 நாள், அமர்வு நீதிமன்றத்தில் 30 நாள். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்டு வாங்குங்கள்.