ஒரே ஆளை ஆறு கட்டத்தில் வரைந்து காட்டுங்கள்

ஓவியத்தைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகள் தங்கள் ஃபைலைக் காட்டும்போது நான் தேடுவது அழகான முகத்தை அல்ல. அது எல்லாரிடமும் இருக்கிறது. நடிகர் படம், பென்சில் ஷேடிங், கண்ணுக்குள் ஒளிப்புள்ளி, எல்லாம் கச்சிதம். அதே ஆளைப் பேருந்தில் ஏற்றி, சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வையுங்கள் என்றால் பலர் திணறிப்போகிறார்கள். மூன்றாவது கட்டத்தில் மூக்கு மாறுகிறது, ஐந்தாவதில் ஆளே மாறிவிடுகிறார்.

சினிமா ஸ்டோரிபோர்டு (படம் பிடிக்குமுன் காட்சிகளை வரிசையாக வரைவது), விளம்பரம், சிறுவர் புத்தகம், காமிக்ஸ் எதுவானாலும் சம்பளம் இந்தத் தொடர்ச்சிக்குத்தான். ஓவியர் கோபுலு விகடனில் வரைந்த, வசனமே இல்லாத சிரிப்புப் படங்களை எடுத்துப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்பதிலேயே கதை நகர்ந்துவிடும்.

பயிற்சிக்கு ஆகாசக் கதை வேண்டாம். டீக்கடையில் ஒருவர் பர்ஸைத் தேடும் சம்பவம் போதும். வசனம் கூடாது. நல்ல தாளைத் தொடுமுன் தீப்பெட்டி அளவில் ஆறு கட்டம் கிறுக்குங்கள். எல்லாக் கட்டத்திலும் ஆள் இடுப்பளவே தெரிகிறாரா? அழித்துவிடுங்கள். ஒன்றில் கடை முழுக்கத் தெரியட்டும், ஒன்றில் காலிப் பாக்கெட்டைத் துழாவும் விரல்கள் மட்டும். கை வரைய வராது என்று பாக்கெட்டுக்குள் ஒளித்துவைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்!

வசனமுள்ள பக்கத்துக்கு வரும்போது பலூன், அதாவது பேச்சை எழுதும் குமிழி. தமிழ் வசனம் இடத்தைத் தின்னும். ‘போயிட்டு வந்துடறேன்’ என்பதைக் குறுகிய பலூனில் அடைத்தால் ‘றேன்’ மட்டும் தனியாகக் கீழே தொங்கும். படத்தை முடித்துவிட்டு எழுத்துக்கு இடம் தேடினால் யாராவது ஒருவர் தலை போகும். கிறுக்கலிலேயே பலூனையும் போட்டுவிடுங்கள். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் இருந்தால் வாசிப்பு தடுக்காது.

படிக்க எங்கே போவது? சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி உண்டு. வடிவமைப்புப் பட்டத்துக்கு ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம், வரைதலும் அதில் ஒரு பகுதி. எங்கே சேர்ந்தாலும் தொடர் பக்கங்களைத் தனியாக வரைந்து சேர்த்துக்கொண்டே வாருங்கள். அதற்காக யாரும் பின்னாலேயே வந்து கேட்க மாட்டார்கள்.

கல்லூரிகளில் அதிகம் பேசாத விஷயம், உரிமை. மாதச் சம்பளத்துக்கு வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நிறுவனத்துக்கே. வெளியிலிருந்து வரைந்து கொடுப்பவர் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

‘ப்ரோ, சின்ன வேலைதான்’ என்று வாட்ஸப்பில் வருபவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை படம், எங்கே அச்சாகும், முன்பணம் எவ்வளவு, எத்தனை திருத்தம் வரை இலவசம். திருத்தக் கணக்கை முதலிலேயே எழுதிவிடுங்கள், வேலை பாதியில் இருக்கும்போது கேட்டால் சண்டைதான் வரும்.