கம்ப்ரஷன் எந்த வழியாகப் போகிறது?

பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் கார் திணறுகிறது. காலையில் செல்ஃப் அடித்தால் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. "இழுவை இல்லை" என்று சொன்னதும் பிளக், இன்ஜெக்டர், பம்பு என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் அழுத்தம். அதற்கு அழுத்தம் காட்டும் ஒரு கேஜும் அரை மணி நேரமும் போதும்.

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலேறும்போது, சிலிண்டரில் நிறைந்த கலவையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. டீசலில் நெருக்கம் இன்னும் அதிகம், 16 முதல் 20 மடங்கு வரை. நெருக்கினால் அழுத்தத்தோடு சூடும் ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது இதனால்தான். டீசலைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது, அந்தச் சூடுதான் பற்றவைக்கிறது. அதனால் காற்று கசியும் டீசல் வண்டி காலைக் குளிரில் அடம்பிடிக்கும்.

வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதைப் பத்து மடங்கு நெருக்கினால் 147 வர வேண்டும் என்று தோன்றும். சூடேறுவதால் உண்மையில் அதைவிட மிகக் கூடுதலாக ஏற வேண்டும். ஆனால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகுதான் மூடுகிறது. கொஞ்சம் காற்று வந்த வழியே திரும்பிவிடும். கழித்துக் கூட்டி, நல்ல பெட்ரோல் இன்ஜினில் கேஜ் பெரும்பாலும் 140 முதல் 190 வரை காட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். என்னைக் கேட்டால், எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். நான்கு சிலிண்டரில் மூன்று 170 காட்டி ஒன்று மட்டும் 110 காட்டினால், கோளாறு அங்கேதான்.

அளக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் வருவதையும் தீப்பொறியையும் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஐந்தாறு சுற்று சுற்றவிட வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மறந்தால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் இடைவெளியை ஆயில் அடைக்கும். முள் ஏறினால் ரிங்கோ, போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). டீசலில் இதைச் செய்யக் கூடாது. மேலே இடம் மிகக் குறைவு என்பதால் ஆயிலே அளவைப் பொய்யாக்கிவிடும்.

அடுத்தது காது கொடுத்துக் கேட்கும் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விட வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தாலும், பக்கத்து பிளக் துளையில் காற்று வந்தாலும் பெரும்பாலும் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைவதும் கேஸ்கட்டையே காட்டும். எல்லாம் ஒரே அளவில் குறைந்தால் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கரையில் இரண்டு காரணங்களைக் கூடுதலாகக் கவனிக்கலாம். ஒன்று மணல். தனுஷ்கோடி சாலையில் காற்று வாரி இறைக்கும் குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினம். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போய் ஆயிலோடு சேர்ந்தால், ரிங்கையும் போரையும் அரைத்தெடுக்கும். மற்றது உப்புத் தண்ணீர். கடலோரப் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு படிந்து வழி அடைபடும், அலுமினியம் அரிக்கும். இன்ஜின் கொதித்து ஹெட் வளையும், கேஸ்கட் விட்டுவிடும்.

வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இறுக்கத்தால் வால்வு மூடாமல் நிற்பதென்றால் செலவு குறைவு. இடைவெளியைச் சரிசெய்தால் தீரும். வால்வு சீட் எரிந்திருந்தால் ஹெட்டை இறக்கி கிரைண்டிங். ரிங் தேய்ந்தால் இன்ஜினைப் பிரித்து போரை அளக்க வேண்டும். முட்டை வடிவமாகிவிட்ட போரில் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. போரிங் மெஷினில் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும், அல்லது ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் புது உருளை). கேஸ்கட் மாற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, வளைந்திருந்தால் ஃபேசிங் செய்து (பரப்பைச் சமமாக்கி), போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேடு சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை) முடுக்க வேண்டும். பிறகு கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும்.