சார்ஜ்: ஊட்டுவதா, ஏற்றுவதா?

அவசர விளக்கு ஒன்று வாங்கினேன். உள்ளே நாலாக மடித்த தாளில் பல மொழிகளில் குறிப்பு, தமிழும் இருந்தது. சந்தோஷத்தோடு பிரித்தால், 'முதல் முறை எட்டு மணி நேரம் கட்டணம் வசூலிக்கவும்' என்கிறது. அடுத்த வரி: 'இரவு முழுவதும் கட்டணம் வசூலிக்க வேண்டாம்.' யாரிடம் வசூலிப்பது, விளக்கிடமா? போன வருடம் வாங்கிய பவர் பேங்கிலும் இதே வசூல்தான்.

சரி, அது இயந்திரம் செய்த வேலை. சார்ஜ் என்றதும் கைக்கு அகப்பட்ட பொருளைப் போட்டுவிட்டது. என் வருத்தம், அதைத் திருத்த உட்காரும் தமிழறிந்தவர்கள் மேல். 'மின்னூட்டம் செய்க' என்று எழுதிவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் கார்ருஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆயிற்று. கார், கார்கோ எல்லாம் அந்தக் குடும்பம்தான். கேரிகேச்சர்கூட, அதாவது அளவுக்கு மீறி 'ஏற்றி' வரைந்த படம். துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ். 1740களின் பிற்பகுதியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் கலத்தில் மின்சாரம் சேர்த்து வைப்பதற்கு இந்தச் சொல்லைப் புழங்கினார். அப்படிப்பட்ட ஜாடிகளை வரிசையாக இணைத்தபோது, பீரங்கி அணியின் பெயரான பேட்டரியை அதற்கு வைத்தவரும் அவரே. பாரமோ மருந்தோ மின்சாரமோ, செய்வது ஏற்றுவதுதான்.

இப்போது நம் வீடுகளில் பேசுவதைக் கேளுங்கள். 'சார்ஜ் ஏறவே மாட்டேங்குது.' 'காலையிலதான் போட்டேன், அதுக்குள்ள இறங்கிடுச்சு.' பெயர்ச்சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டாலும் வினையை யாரும் கடன் வாங்கவில்லை. ஏறும், இறங்கும். கார்ருஸைக் கேள்விப்படாத வாய்கள் அந்த வண்டியில் சரியாகப் பாரம் ஏற்றி வைத்திருக்கின்றன. போனுக்குச் சார்ஜ் 'ஊட்டியவர்' யாரையாவது கண்டதுண்டா?

ஊட்டு என்ற வினைமேல் எனக்குப் பகை இல்லை. நினைவூட்டு, வலுவூட்டு, சாயம் ஊட்டு, எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் ஊட்டியது உடலோடு சேர்ந்துவிடும், திரும்பி வராது. மின்கலத்தில் ஏற்றியதோ திரும்ப எடுப்பதற்காகவே ஏற்றப்படுகிறது. ஆக, ஊட்டுவதற்கு எதிர்ச்சொல் வேண்டும் என்றால் வாந்தியைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் சங்கடம் நம் பாடநூல்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது போலும்: சார்ஜை மின்னூட்டம் என்றவர்கள், டிஸ்சார்ஜுக்கு வந்ததும் சத்தமில்லாமல் மின்னிறக்கம் என்று மாறிக்கொண்டார்கள். ஏற்றாமலே இறக்குகிறோம்! இலங்கைப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே மின்னேற்றம், புரோட்டானுக்கு நேரேற்றம், எலெக்ட்ரானுக்கு மறையேற்றம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எலெக்ட்ரானில் யாரும் எதையும் ஏற்றவில்லையே, அது அதன் இயல்பு அல்லவா என்பார்கள். உண்மைதான். ஆனால் யாரும் அதற்கு ஊட்டவும் இல்லை. வேண்டுமானால் துகளின் பண்புக்கு மின்னூட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பழகிப்போயிற்று. செருகியில் மாட்டும் வேலைக்காவது மின்னேற்றம் என்றும், மாட்டும் கருவிக்கு மின்னேற்றி என்றும் எழுதலாமே. முன்பு சிலர் எழுதிய மின்சுமையும் மோசமில்லை; ஆனால் அது இன்று 'லோடு' என்பதற்குப் போய்விட்டது.

சுமை என்றதும் இன்னொன்று. காவல்துறையும் நீதிமன்றமும் புழங்கும் சார்ஜும் அதே வண்டிச் சரக்குதான்: ஒருவர் தலையில் குற்றத்தை ஏற்றுவது. நாமும் 'குற்றம் சுமத்தினார்கள்', 'பழி சுமத்தினான்' என்கிறோம், யாரையும் பார்த்து எழுதாமலே. இன்சார்ஜ் என்பதற்குப் பொறுப்பு. அதுவும் தாங்குதல் என்று பொருள்படும் 'பொறு'விலிருந்து வந்தது, பழந்தமிழில் பொறை என்றாலே சுமை. இத்தனை கையிருப்பு இருந்தும், ஒரு தொடரின் வசன வரியில் 'இங்கே கட்டணத்தில் இருப்பவர் யார்?' என்று அதிகாரி கேட்பதை நான் படித்திருக்கிறேன்.

நாளிதழ்க்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். லத்தி சார்ஜை அவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை, தடியடி என்றார்கள். நாலெழுத்து, சத்தம்கூடக் கேட்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர் 'வீடு திரும்பினார்'. அங்கே வெளியேற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. என்ன நடந்ததோ அதைச் சொல்லிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் இப்படி ஒரு நிமிடம் யோசித்தால் என்ன?

விளக்கின் தாளில் கடைசி வரி இது: 'சாதனம் முழுமையாக வெளியேற்றப்பட்டால் உடனடியாகக் கட்டணம் வசூலிக்கவும்.' வாடகை பாக்கியோடு வீட்டைக் காலி செய்தவர் ஞாபகம்தான் எனக்கு வந்தது.