பிஸ்டன் எடையில் பாதிதான் ஷாஃப்ட் கணக்கில் வரும்

பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனியில் கம்ப்ரசரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை, மோட்டாரையும் கம்ப்ரசரையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் பொடிந்து, அதன் பாதுகாப்பு மூடிக்கு அடியில் கருப்பு மாவாகக் கொட்டிக் கிடந்தது. ஃபிட்டர் தருமபுரிக்காரர். "அலைன்மென்ட் மூணு தடவை டயல் வெச்சுப் பாத்துட்டோம் சார், அப்பவும் தின்னுது" என்றார். இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்ததைச் சொல்கிறார். அவர் வேலையில் குறையே இல்லை. குறை, மெஷின் வாங்கும்போது போட்ட முறுக்கு அதிர்வுக் கணக்கில், அதாவது ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அதிர்வதைப் பற்றிய கணக்கில் இருந்தது.

இரண்டு கிராங்க், ஃபிளைவீல் கிடையாது, எதிரே கனமான மோட்டார், 740 ஆர்பிஎம். ஒவ்வொரு கிராங்கிலும் பிஸ்டன், பிஸ்டன் ராடு, கிராஸ்ஹெட் என முன்னும் பின்னும் ஓடும் எடை 60 கிலோ. கிராங்க் ஆரம் 100 மில்லிமீட்டர். எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஒவ்வொரு கிராங்குக்கும் 0.6 கிலோகிராம் சதுர மீட்டர் என்று ஷாஃப்டின் நிலைமத்தில் (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவில்) முழுசாகச் சேர்த்திருந்தார்கள்.

பிஸ்டன் சக்கரம் போலச் சுற்றுவதில்லை. டெட் சென்டரில், அதாவது ஓட்டத்தின் இரு முனைகளிலும், ஒரு கணம் நின்றுவிடுகிறது. அப்போது ஷாஃப்டுக்கு அந்த எடை இருப்பதே தெரியாது. நடுவழியில்தான் கிராங்க் பின்னின் வேகத்தைப் பிடிக்கிறது. ஒரு சுற்றுக்கு இயக்க ஆற்றலைச் சராசரி பார்த்தால் கிட்டத்தட்ட பாதி, அதாவது 0.3.

கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் எடையைக் கணக்கில் இரண்டாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பெரிய முனை கிராங்கோடு சுற்றுகிறது, அது முழுசாக. சின்ன முனை பிஸ்டனோடு ஓடுகிறது, அது பாதி. மூன்றில் இரண்டு பங்கு பெரிய முனைக்கு என்று எழுதுவது ராடு கைக்குக் கிடைக்காதபோது மட்டும். கிடைத்தால் படுக்கைவாட்டில் வைத்து, சின்ன முனைக்கு முட்டுக் கொடுத்து, பெரிய முனையைத் தராசில் ஏற்றுங்கள். பத்து நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள். மோட்டார் கேட்லாக்கில் நிலைமத்தை ஜிடி ஸ்கொயர் (GD²) என்று போட்டிருந்தால் நாலால் வகுக்கவும் மறக்காதீர்கள். அதில் ஆரத்துக்குப் பதில் விட்டம் இருக்கிறது.

இங்கே சுற்றும் பாகங்களின் நிலைமம் 1.0. அதோடு இரண்டு கிராங்குக்கும் சேர்த்து, ரிப்போர்ட்டில் மொத்தம் 2.2, சரியான மதிப்பு 1.6. ஷாஃப்ட் தானாக முறுக்கி அதிரும் இயல்பு அதிர்வெண் 42 ஹெர்ட்ஸ் என்று காட்டியது உண்மையில் 49 பக்கம். 740 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 12.3 சுற்று, அதன் நான்கு மடங்கு 49.3. கம்ப்ரசரின் உதைப்பு சுழற்சி வேகத்தின் மடங்குகளிலும் வரும்; இயல்பு அதிர்வெண்ணோடு அது ஒத்துப்போனால் அதிர்வு பெருகும். தாளில் பத்திரமாகத் தெரிந்த மெஷின் தினமும் அந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்ரசர் பக்கம் ஷாஃப்டில் அரை மீட்டர் விட்டத்தில், 20 கிலோ எடையில் ஒரு இரும்புத் தட்டு மாட்டினோம். கணக்கில் தவறாகக் கூடுதலாகச் சேர்த்திருந்த அந்த 0.6 (2.2-க்கும் 1.6-க்கும் உள்ள வித்தியாசம்) இப்போது நிஜமாகவே ஷாஃப்டில் இருக்கிறது; இயல்பு அதிர்வெண்ணும் 42 பக்கம் இறங்கிவிட்டது. ரப்பர் பொடிவது நின்றுவிட்டது.