உடம்படு மெய்ம்மை

'இன்டர்சப்ஜெக்டிவ்' என்னும் மெய்யியற் சொல்லை 'அகவயங்களுக்கு இடைப்பட்ட' என்று பெயர்த்தால் பொருள் பிழைக்காது, ஆனால் அது வாயில் நிற்கும் சொல்லன்று. லத்தீனில் 'இன்டர்' என்பது இடை. 'சுப்யெக்தும்' என்பது அடியில் இடப்பட்டது, அதாவது குணங்களைத் தாங்கிக் கிடக்கும் பொருள். அறிகின்ற தன்னுணர்வு என்ற கருத்து அதன்மேல் பின்னாளில் ஏறியது. பொருள்கள் உணர்வுக்குத் தோன்றும் விதத்தை ஆராயும் தோற்றப்பாட்டியலை நிறுவிய எட்மண்ட் ஹுசேர்ல் இச்சொல்லுக்குக் கனம் சேர்த்தார். பணம், திருமணம் போன்றவை மனிதர் கூடி ஏற்பதனாலேயே உண்மையாகின்றன என்பதை அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் சேர்ல் 1995இல் விரித்துரைத்தார்.

வன்னியில் வாழ்ந்தவருக்கு இதனை விளக்க ஒரு மணிக்கூடு போதும். 1996 மே மாதத்தில் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இரண்டையும் ஏற்கவில்லை. ஆகவே 2002இல் ஏ9 பாதை திறந்தபின், அரசின் பக்கமிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து அதே பக்கமிருந்த வவுனியாவுக்குப் போகிறவர், புலிகளின் பகுதி தொடங்கும் முகமாலையில் முள்ளை அரை மணித்தியாலம் பின்னே திருப்பி, அது முடியும் ஓமந்தை தாண்டியதும் மறுபடி முன்னே திருப்பவேண்டியிருந்தது. வெயில் இரு பக்கமும் ஒன்றுதான். கிளிநொச்சியில் ஒன்பதரை என்றால் வவுனியாவில் பத்து. இயற்கை இட்ட வேறுபாடு இதுவன்று. அவரவர் மனத்தில் மட்டும் இருந்ததுமன்று, ஏனெனில் பழைய நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வவுனியா பஸ் நிலையத்துக்குப் போனால் பஸ் போயிருக்கும். (அப்படி ஒருமுறை நானும் பையோடு நின்றிருக்கிறேன்.)

அகவயம் (ஒருவர் மனத்துள் இருப்பது), புறவயம் (எவர் மனத்தையும் சாராதது) என்ற இணைக்கு மூன்றாவதாகப் 'பொதுவயம்' பொருந்தும் என்று முன்பு நினைத்தேன். ஆனால் பொது என்றால் அந்த வெயிலும் பொதுதான். ஊர் ஒத்துக்கொண்டது என்ற கருத்து அதில் விழாது. நன்னூலில் உடம்படுமெய் என்று ஒன்று உண்டு. உயிரோடு உயிர் சேருமிடத்தில் யகரமோ வகரமோ நடுவே தோன்றி இரண்டையும் பொருத்தும். 'வன்னி'யும் 'எல்லை'யும் சேர்ந்தால் 'வன்னியெல்லை'; அந்த யகரம் இரு சொல்லில் எதற்கும் உரியதன்று, எனினும் காதில் கேட்கிறது. உடம்படுதல் என்றாலே ஒத்துக்கொள்ளுதல். உயிர், மெய் ஆகிய இரண்டும் எழுத்துக்கு அப்பாலும் பொருள் தருவன. அதனால் 'உடம்படு மெய்ம்மை' என்பதையே நான் எழுதுகிறேன். இலக்கணம் படித்தவர் முகம் சுளிக்கக்கூடும்.

2006 ஏப்ரலில் அரசும் பழைய நேரத்துக்கே திரும்பியது. அதன்பின் ஓமந்தையில் மணிக்கூட்டைத் தொடவேண்டியிருக்கவில்லை; சோதனை மட்டும் இருந்தது.