எலக்ட்ரானுக்கு ஒரு சுற்றுவழி

நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் (மயில்துத்தம் என்று சொல்வோமே, அதுதான்) ஒரு துத்தநாகத் தகட்டைப் போட்டு வைத்தால், சற்று நேரத்தில் தகட்டின் மேல் செம்பழுப்பாக ஏதோ படியும். கரைசலின் நீலம் வெளுக்கும். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் கரைசல் சூடாகியிருப்பது தெரியும்.

நடப்பது இதுதான்: ஒவ்வொரு துத்தநாக அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாக, கரைசலில் இறங்குகிறது. அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரு தாமிர அயனி உலோகமாகிப் படிகிறது. எலக்ட்ரான் இடம் மாறுவதுதானே மின்சாரம்? அப்படியானால் இங்கே மின்சாரம் எங்கே போயிற்று? கொடுப்பவரும் வாங்குபவரும் ஒட்டி நிற்பதால் கைமாற்று அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆற்றல் எல்லாம் வெறும் சூடாகிப் போகிறது.

இருவரையும் பிரித்து வைப்பதுதான், வேதிவினையிலிருந்து மின்சாரம் தரும் கால்வானிக் மின்கலத்தின் சூட்சுமம். 1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் ஃபிரடெரிக் டேனியல் செய்தது அதைத்தான். அவர் கலத்தின் பாடநூல் வடிவம் இது: துத்தநாகத் தகடு துத்தநாக சல்பேட் கரைசலில், தாமிரத் தகடு தாமிர சல்பேட் கரைசலில். இரண்டு தகடுகளையும் வெளியே ஒரு கம்பி இணைக்கும். இப்போது எலக்ட்ரானுக்குக் குறுக்குவழி கிடையாது, கம்பி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். போகிற வழியில் ஒரு பல்பை வைத்தால் அதை எரிய வைத்துவிட்டுப் போகும்.

ஆனால் கம்பி மட்டும் போதாது. துத்தநாகப் பக்கத்தில் நேர் அயனிகள் பெருகிக்கொண்டே இருக்கும். தாமிரப் பக்கத்தில் நேர் அயனிகள் குறையக் குறைய, எதிர் மின்னூட்டம் கொண்ட சல்பேட் அயனிகளின் கை ஓங்கும். இந்த ஏற்றத்தாழ்வு மிகச் சிறிதளவு இருந்தாலே ஓட்டம் கண நேரத்தில் நின்றுவிடும். அதைச் சரிக்கட்ட டேனியல் இரு கரைசல்களுக்கும் இடையே நுண்துளைச் சுவர் வைத்தார். இன்றைய ஆய்வகங்களில் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்பு நிரப்பிய உப்புப் பாலம் வைக்கிறார்கள். நைட்ரேட் அயனிகள் துத்தநாகப் பக்கமும் பொட்டாசியம் அயனிகள் தாமிரப் பக்கமும் நகரும். பாலத்தின் வழியாக எலக்ட்ரான் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போவதில்லை. வெளியே எலக்ட்ரான், உள்ளே அயனி.

இன்னொரு குழப்பத்துக்குக் காரணம் நம் கலைச்சொல். ஆக்சிஜனேற்றம் (அதாவது எலக்ட்ரான் இழப்பு) நடக்கும் ஆனோடைப் பாடநூல்களில் நேர்மின்வாய் என்கிறோம். இந்தக் கலத்தில் ஆனோடான துத்தநாகமோ எதிர்முனை! பெயரை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். எங்கே எலக்ட்ரான் இழப்பு நடக்கிறது என்று பார்ப்பதே பிழையில்லாத வழி.

இந்தக் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.10 வோல்ட். எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தை வோல்ட்டில் சொல்லும் திட்ட மின்முனை அழுத்தம் தாமிரத்துக்கு +0.34, துத்தநாகத்துக்கு −0.76, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. தகட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் இந்த எண் மாறாது. எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம், எத்தனை நேரம் எடுக்கலாம் என்பதுதான் மாறும். 65.4 கிராம் துத்தநாகம் முழுதும் கரைந்தால் சுமார் 1,93,000 கூலூம் மின்னூட்டம் கிடைக்கும். ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 53 மணி நேரத்துக்கு மேல் வரும்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. தவளைக் கால் துடித்ததைப் பார்த்து, மின்சாரம் விலங்கின் உடலிலேயே இருக்கிறது என்று 1791இல் எழுதினார் இத்தாலிய மருத்துவர் கால்வானி. தொட்டது இரண்டு வேறு உலோகங்கள், காரணம் அவைதான் என்று மறுத்தார் இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா. 1800இல் வெள்ளி, துத்தநாக வில்லைகளுக்கு இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கித் தொடர் மின்சாரத்தையும் எடுத்துக் காட்டினார். ஆனால் உலோகங்கள் தொட்டுக்கொண்டாலே மின்சாரம் வரும் என்று நம்பிய வோல்டாவுக்கும் வேதிவினையின் பங்கு பிடிபடவில்லை. வாதத்தில் தோற்ற கால்வானியின் பெயரிலும் இந்தக் கலத்தை இன்றுவரை அழைக்கிறோம்.

எலுமிச்சம்பழத்தில் ஆணியைச் செருகிச் செய்யும் சோதனையிலும் ஆற்றலைத் தருவது பழமல்ல. துத்தநாகம் பூசிய ஆணியிலிருந்து அந்தத் துத்தநாகம்தான் கரைகிறது. பழச்சாறு அயனிகள் நகர வழிவிடுகிறது, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுக்கிறது, அவ்வளவே.

டார்ச்சில் போடும் சாதாரண பேட்டரிக் கட்டையிலும் இதே கதைதான். அதன் துத்தநாக உறை வெறும் டப்பா இல்லை. கரைந்து எலக்ட்ரான் தருவதே அந்த உறைதான். மின்சாரம் எடுக்க எடுக்க அது உள்ளிருந்து மெலிந்துகொண்டே வரும். தீர்ந்த கட்டையை எடுக்காமல் விட்டால் ஒருநாள் அது ஓட்டையாகி, உள்ளே இருக்கும் பசை டார்ச்சுக்குள் கசிவது அதனால்தான்.